பச்சை பட்டன்

அந்தப் பையைக் கீழே வைக்காதீர்கள் அண்ணாச்சி, காலில் இடிக்கிறது. மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என்ன இருக்கிறது உள்ளே, இவ்வளவு கனமாக? செம்புக் கம்பியா. மோட்டார் ரீவைண்டிங். சரி, சரி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்டு வைத்துக்கொள்வது நல்லதுதானே. கோவில்பட்டியில் வண்டி கிளம்பும்போது நாலு சீட் காலியாக இருந்தது. நீங்கள் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்று நீங்களாகவே சொன்னீர்கள்.

மணி என்ன காட்டுகிறது உங்கள் கடிகாரத்தில்? ஐந்து பத்து. எனக்கும் அதேதான். ஐந்து ஐம்பத்தைந்துக்கு எனக்கு இந்த போனில் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு முன்னால் செய்யக் கூடாது, ஆறு மணிக்கு மேல் செய்ய முடியாது. பூட்டிக்கொள்ளும். இப்போதே செய்துவிட்டால் என்ன என்கிறீர்களா? செய்துவிட்டால் மீதி முக்கால் மணி நேரத்தில் அதை மாற்றிவிடுவார்கள். யார் என்று கேளுங்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் பிரின்சிபால் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை. எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

நான் இங்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். ராமசுப்பு என்று பெயர். மதுரையில் நாளைக்கு விடைத்தாள் திருத்துகிற முகாம், அதற்குத்தான் போகிறேன். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்துகிறேன், பன்னிரண்டு வருஷமாக. கம்ப்யூட்டர் திரையில், போன் திரையில், எதை எங்கே வைக்க வேண்டும், எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக என்கிற பாடம். முதல் நாள் எல்லாரும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூடச் சொல்வேன். முதல் ஒரு மாதம் கம்ப்யூட்டரே கிடையாது. கண் மட்டும்தான். மனிதனுடைய கண் எப்படிப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது, பார்க்காததைப் பார்த்த மாதிரி எப்படி நம்ப வைக்கிறது. அது தெரியாதவன் திரை வரையக் கூடாது என்பேன்.

அந்தப் பேப்பரைக் கொடுங்கள். படித்துவிட்டீர்கள்தானே? ஓரத்தில் எழுதலாமா? இதோ, இங்கே ஒரு பெருக்கல் குறி. அதற்கு வலது பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. இப்போது இடது கண்ணைப் பொத்திக்கொள்ளுங்கள். வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். புள்ளியைப் பார்க்கக் கூடாது. பேப்பரை மெதுவாகக் கிட்டே கொண்டுவாருங்கள். இன்னும். வண்டி குலுங்கினால் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம். போய்விட்டதா? புள்ளி போய்விட்டதல்லவா? அந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதா? தெரியாது. வெறும் பேப்பர்தான் தெரியும். எல்லார் கண்ணிலும் ஓர் இடத்தில் பார்வை கிடையாது அண்ணாச்சி. ஆனால் கண் அதை ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதை எடுத்து அப்பி மூடிவிடும். நாமும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு திரிவோம்.

வகுப்பில் இரண்டு பேர் எப்போதும், “எனக்குப் போகல சார், புள்ளி அங்கயேதான் இருக்கு” என்பார்கள். பொய். வகுப்பைக் கலைக்கிறதற்காகச் சொல்வது. அவர்கள் பெயரை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது நாள் ஒரு படம் போடுவேன். நாற்பது சின்னச் சாம்பல் மீன், ஒரே ஒரு பெரிய சிவப்பு மீன். மூன்றே விநாடி. பிறகு மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்பேன். அத்தனை பேரும் சிவப்பு மீன் என்பார்கள். சாம்பல் மீன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கண் உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போவதில்லை, பெரிதாக, பளிச்சென்று எது இருக்கிறதோ அங்கே போய்விடும், விரல் அதன் பின்னாலேயே போய்விடும். இதை எழுதிக்கொள்ளச் சொல்வேன். பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொள்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காலேஜில் இன்டர்னல் மார்க் ஏற்றுவதற்கு ஓர் ஆப் இருக்கிறது. செய்தது நான். முதலில் வெளியே வாங்குவதாகத்தான் இருந்தார்கள். கோமதிநாயகம் என்று ஒருவர், எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர், ஒரு கம்பெனியைக் கூட்டிக்கொண்டு வந்தார். டை கட்டிக்கொண்டு இரண்டு பேர். நான் எழுந்து நின்று, எதற்கு வெளியே போக வேண்டும், நான் செய்து தருகிறேன் என்றேன். சேர்மனுக்குப் பிடித்துப்போயிற்று. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் கோமதிநாயகம் கையைக் கொடுக்கிறார். “நல்லதாப் போச்சு சார். நம்மகிட்டயே ஆள் இருக்கும்போது எதுக்கு வெளிய” என்கிறார். தோற்றுப்போனவன் கை கொடுத்தால் யோசிக்க வேண்டாமா? நான் யோசித்தேன். மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திரை ரொம்ப எளிமை. மேலே பிள்ளையின் பெயர், நடுவில் மார்க் போடுகிற கட்டம், கீழே இரண்டு பட்டன். வலது பக்கம் இருப்பது ‘விலகு’. பச்சை, பெரியது. இடது பக்கம் ‘பதிவு செய்’. சாம்பல், சின்னது. இதில் யோசனை இருக்கிறது. மார்க் என்பது விளையாட்டு இல்லை, ஒரு பிள்ளையின் வாழ்க்கை. அவசரத்தில் தட்டிவிடக் கூடாது. தேடிப் பார்த்து, நின்று, நிதானித்து அழுத்த வேண்டும். அதனால் அது சின்னது. விலகுவதில் என்ன ஆபத்து? ஒன்றுமே மாறாது, முன்னால் இருந்தது அப்படியே இருக்கும். ஆபத்து இல்லாததற்குப் பச்சைதானே நிறம்? எதை அழுத்தினாலும் ‘நன்றி’ என்று ஒரு டிக்கோடு வரும். அது மரியாதை. வீட்டுக்கு வந்தவர் எதுவும் வாங்காமல் போனாலும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் ஏற்றிய நாற்பத்திரண்டு பேர் மார்க் காணோம். கட்டம் எல்லாம் காலி. அவர் தன் பிள்ளைகள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்கிறார், “நான் போட்டேன் சார், நன்றின்னு வந்துச்சு சார்” என்று. அடுத்த வாரம் பிசிக்ஸில் பத்துப் பேர். நான் சர்வரில் உட்கார்ந்து மூன்று நாள் பார்த்தேன். யாரும் அழித்த தடமே இல்லை. ஒரு சின்னத் தடம்கூட இல்லை. தடமே இல்லாமல் அழிக்கிறான் என்றால் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

ஒரு பொறி வைத்தேன். தொண்ணூற்றொன்பது என்று இல்லாத ஒரு ரோல் நம்பரை உண்டாக்கி, கேன்டீனில் உட்கார்ந்து, என் போனிலிருந்தே பதினேழு மார்க் போட்டேன். நன்றி என்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், கட்டம் காலி! என் வேலையையே வேவு பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறுதியாயிற்று.

பரீட்சைப் பிரிவில் சண்முகவடிவு என்று ஓர் அம்மா இருந்தார். பதினோரு வருஷ சர்வீஸ். பாஸ்வேர்டு தெரிந்தது எனக்கும் அவருக்கும்தான். கூப்பிட்டுக் கேட்டேன். “நான் எதுக்கு சார் அழிக்கப் போறேன், அந்தப் பிள்ளைக யாரு என்னன்னுகூட எனக்குத் தெரியாதே” என்று அழுதார். செய்தவர் வேறு என்ன சொல்வார்? புகார் எழுதிக் கொடுத்தேன். ஹாஸ்டல் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், அரிசி பருப்பு பார்த்துக்கொள்ள. அதற்குப் பிறகும் மார்க் காணாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. போகும்போது யாரையோ பழக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

என் வீட்டுக்காரி சொல்வாள், “நிழலைப் பாத்தாலும் இது யாரு நிழல்னு கேக்காம உங்களுக்குத் தாண்ட முடியாது” என்று. நான் காரணம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படுகிறவன் இல்லை அண்ணாச்சி. நீங்களே பார்க்கிறீர்கள்.

சாத்தூர் வந்துவிட்டது. சேவு வாங்குகிறீர்களா. வாங்குங்கள். எனக்கு வேண்டாம். இல்லை, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் கொடுத்து நான் எதுவும் சாப்பிடுவதில்லை. உங்களைச் சொல்லவில்லை. அதோ, முன்னால் நீலச் சட்டை இறங்குகிறாரே, அவர் கோவில்பட்டியிலிருந்து இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். இறங்கிப் போகட்டும்.

இப்போது மாரிக்கனி. கடம்பூர்ப் பக்கம் ஒரு பெண் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா சத்துணவில் சமைக்கிறார். வகுப்பில் முன் வரிசையில் உட்காரும், அதிகம் பேசாது. புள்ளி சோதனையில் இந்தப் பிள்ளை மட்டும், “சார், ரெண்டு கண்ணையும் திறந்து வச்சா ஒரு கண்ணு இன்னொரு கண்ணு விட்டதைப் பாத்துச் சொல்லிரும், அதனாலதான நமக்குத் தெரியறதில்ல?” என்று கேட்டது. நல்ல கேள்விதான். ஆனால் அவ்வளவு நல்ல கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதே எனக்கு ஒரு இது இருந்தது.

கடைசி செமஸ்டரில் ஆளுக்கு ஒரு ப்ராஜெக்ட். ஏதாவது ஒரு திரையை எடுத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்துகிற ஆட்களை உட்கார வைத்து, பக்கத்தில் நின்று பார்த்து எழுத வேண்டும். அதற்கு ஒரு விதி இருக்கிறது, நான் போர்டில் எழுதிப்போட்ட விதி: பார்க்கிறவர் பார்க்க மட்டும் வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அவர் தப்பாக அழுத்தினாலும் சொல்லக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. சொல்லிவிட்டால் அவர் பார்த்ததை நாம் பார்க்க முடியாமல் போய்விடும். அப்புறம், சோதனைக்கு வந்தவர் பெயரை எழுதக் கூடாது. நம்பர்தான்.

இந்தப் பிள்ளை எதை எடுத்தது தெரியுமா? என் ஆப்பை.

எனக்குத் தெரியாது. “ஸ்டாஃப் யூஸ் பண்ற ஒரு ஆப் சார்” என்றது. கேன்டீன் ஆப் என்று நினைத்துவிட்டேன். ஒரு மாதம் ஸ்டாஃப் ரூம் ஸ்டாஃப் ரூமாகப் போய், நோட்டும் கையுமாக நின்றிருக்கிறது. இருபத்து நாலு வாத்தியார்கள். ஆளுக்கு ஒரு மார்க் ஏற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறது. வைவாவில் நன்றாகப் பேசியது. துறை கம்ப்யூட்டரில் அங்கேயே மார்க் போட்டுவிட்டேன், நாற்பதுக்கு முப்பத்தெட்டு. கம்ப்யூட்டரில் எனக்கு இந்தப் பட்டன் தொல்லையெல்லாம் கிடையாது, என்டர் தட்டினால் பதிவாகிவிடும். பதிவாகியிருக்கிறது. முப்பத்தெட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய் அறிக்கையை முழுசாகப் படித்தேன். இருபத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் ‘விலகு’வை அழுத்தியிருக்கிறார்களாம். பச்சையாக, பெரிதாக இருப்பதால் கண் அங்கே போய்விடுகிறதாம். நன்றி என்று வந்ததும் ஏறிவிட்டது என்று போனை வைத்துவிடுகிறார்களாம். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. எனக்கு மனப்பாடம். ‘மதிப்பெண்களை யாரும் அழிக்கவில்லை. அவை பதிவாகவே இல்லை.’

அதற்கும் கீழே ஒரு குறிப்பு. ‘இருபத்து நான்காவது நபர் இந்தத் திரையை வடிவமைத்தவர். அவரும் பச்சையையே அழுத்தினார்.’

கேட்டீர்களா? என்னை!

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் அந்தப் பிள்ளை வந்தது, உண்மைதான். “சார், ரெண்டு நிமிஷம், இதுல ஒரு மார்க் போட்டுக் காட்டுறீங்களா” என்று போனை நீட்டியது. நான் மின்விசிறி ரிப்பேர் செய்ய வந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, “தேங்க்ஸ் சார்” என்று போய்விட்டது. நான் சாம்பலைத்தான் அழுத்தினேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் வைத்த பட்டன், எனக்குத் தெரியாமல் இருக்குமா?

கூப்பிட்டு விசாரித்தேன்.

“யார் எழுதிக் குடுத்தா இதை?”

“நான்தான் சார் எழுதினேன்.”

“இந்தக் கடைசி ரெண்டு வரி?”

“நீங்கதான சார் சொன்னீங்க, கண்டதை மட்டும் எழுது, காரணத்தைக் கடைசியில சுருக்கமாச் சொல்லுன்னு.”

“கோமதிநாயகம் சார் ரூமுக்கு எத்தனை தடவை போன?”

“ஒரு தடவை சார். அவர் ஏழாவது ஆளு.”

“அவர் எதை அழுத்தினார்?”

“பச்சை சார்.”

“இருபத்து நாலாவது ஆள் யாரு?”

“பேரு சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க சார்” என்றது.

பார்த்தீர்களா நெஞ்சழுத்தத்தை?

சரி, பேச்சை வளர்ப்பானேன். நீங்கள் படித்தவர், கை வேலை தெரிந்தவர். இந்தாருங்கள் போன். தொண்ணூற்றொன்பதாம் நம்பர், அந்தப் பொறி வைத்த நம்பர்தான், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஏதாவது ஒரு மார்க் போட்டுப் பதிவு செய்யுங்கள். நான் எதுவும் சொல்ல மாட்டேன், விதிப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். போடுங்கள். இருபத்தைந்தா, சரி. ம்.

அண்ணாச்சி. எதை அழுத்தினீர்கள்?

பச்சையை ஏன் அழுத்தினீர்கள்? அதில் விலகு என்று எழுதியிருக்கிறதே. நான்தான் சாத்தூருக்கு முன்னாலேயே சொன்னேனே, பச்சை விலகு, சாம்பல் பதிவு என்று. சொன்னேனா இல்லையா? என்னது, ஸ்டார்ட்டரிலா? மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சையை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும், அந்தப் பழக்கமா. அது கிணற்று மோட்டார் அண்ணாச்சி. இது மார்க். வண்டி குலுங்கினதில் விரல் நழுவியிருக்கும். குலுங்கவில்லையா? குலுங்கியது. எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்குக் கோமதிநாயகம் என்று யாரையாவது தெரியுமா? ஊர் கடையநல்லூர். சிவப்பாக, மீசை இல்லாமல் இருப்பார். தெரியாதா. திருமங்கலத்தில் உங்கள் கடை எந்தத் தெருவில்? ம். சரி. நம்புகிறேன்.

நீங்கள் அவரைப் பார்த்தால் நல்லவர் என்றுதான் சொல்வீர்கள். போன வாரம் துறைத் தலைவர்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறார், “ராமசுப்பு சார் ஆப்ல மார்க் போடுறது கிணத்துல கல்லைப் போடுற மாதிரி. அதுலயாவது டம்முனு ஒரு சத்தம் வரும், இதுல நன்றின்னு வருது.” எல்லாரும் சிரிக்கிறார்கள். பிரின்சிபாலும் சிரிக்கிறார். வெளியே வந்ததும் தோளில் கை போட்டு, “சும்மா தமாஷுக்கு சார், அந்தப் பட்டன் ரெண்டையும் இடம் மாத்தி வச்சா முடிஞ்சு போச்சு, பத்து நிமிஷ வேலை” என்கிறார். பத்து நிமிஷ வேலை! மாற்றினால் என்ன அர்த்தம்? அந்தப் பிள்ளை எழுதியது சரி என்று அர்த்தம். சண்முகவடிவு அம்மாவை நான் சும்மா மாற்றிவிட்டேன் என்று அர்த்தம். மூன்று வருஷம் யாருமே எதையுமே அழிக்கவில்லை என்று அர்த்தம். அப்படி இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். பொய்யாகத் தகவல் தயாரித்தால் பூஜ்யம், அது விதியிலேயே இருக்கிறது. கமிட்டிக்கு அனுப்பலாம். கமிட்டியில் கோமதிநாயகம் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே நானே போடப்போகிறேன். முப்பத்தெட்டை எடுத்துவிட்டுப் பூஜ்யம். ஐந்து ஐம்பத்தைந்துக்குப் போட்டால் ஆறு மணிக்குப் பூட்டிக்கொள்ளும், பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், அப்புறம் யார் வந்தாலும் நடக்காது.

பிள்ளைக்கு என்ன ஆகும் என்கிறீர்களா. இன்டர்னலில் பூஜ்யம் என்றால் எழுத்துப் பரீட்சையில் முழு மார்க் எடுத்தாலும் பாஸ் ஆகாது, அரியர்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் எடுத்திருக்கிறார்கள். ஜூலையில் சேர வேண்டும். அரியர் ஒன்று இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும் அண்ணாச்சி. நான் கல் இல்லை. அந்த அம்மா காலேஜுக்கு வந்திருக்கிறார், கைக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வந்த மாதிரி, புடவையில் சாம்பார் வாசனையோடு. என்னிடம் வரவில்லை. பிரின்சிபாலிடம் போயிருக்கிறார். நேராக என்னிடம் வந்து, ஐயா இன்னார் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பெயரைத்தானே கேட்டேன்.

பிரின்சிபால் கூப்பிடுகிறது அதற்குத்தான். “அந்தப் பொண்ணு சொல்றதை ஒரு தடவை செஞ்சு பாத்துரலாமே ராமசுப்பு” என்று நேற்றே இழுத்தார். அவரையும் சேர்த்துவிட்டார்கள்.

யார் இது இப்போது? இந்த நம்பர்... அந்தப் பிள்ளைதான். பார்த்தீர்களா, சரியாக ஐந்து ஐம்பதுக்கு. எடுக்கவா? ஸ்பீக்கரில் போடுகிறேன். நீங்களும் கேளுங்கள், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் ஆகும்.

“சார், வணக்கம் சார். மாரிக்கனி பேசுறேன்.”

“சொல்லு.”

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க சார். இன்டர்னல் ஏத்தியாச்சா சார்?”

“ஏத்தணும்.”

“நீங்க என்ன போட்டாலும் சரி சார். போடுறப்ப மட்டும்... அந்தச் சாம்பல் பட்டன் சார். இடது பக்கம்.”

“யாருக்கு யாரு சொல்லித் தர்றது?”

“அய்யோ அப்படி இல்ல சார். ஆறு மணிக்குப் பூட்டிருமே, அதான். போன செமஸ்டர்ல எங்க கிளாஸ்ல பதினோரு பேருக்கு ஏறலை. மனு எழுதிக் குடுத்து, அலைஞ்சு, ரெண்டு மாசம் ஆச்சு சார்.”

“ஏறாமப் போகலை. அழிச்சாங்க.”

“...சரி சார்.”

“பக்கத்துல யாரு இருக்கா?”

“அம்மா சார்.”

“வேற?”

“வேற யாரு சார் இருக்கா? நாங்க ரெண்டு பேருதான்.”

வைத்துவிட்டேன். கேட்டீர்களா? எவ்வளவு பணிவு, கவனித்தீர்களா? எனக்கு மார்க் போடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதா? கேட்கவில்லை. மார்க் வேண்டும் என்கிற பிள்ளை மார்க்கைக் கேட்காமல் பட்டனைப் பற்றிப் பேசுகிறது என்றால் என்ன அர்த்தம்? நான் எதை அழுத்த வேண்டும் என்று அதற்கு ஏன் இவ்வளவு அக்கறை? பின்னால் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அம்மாவாகவும் இருக்கலாம். வேறு யாராவது டீ குடித்துவிட்டுத் தம்ளரை வைத்ததாகவும் இருக்கலாம்.

ஐம்பத்தாறு ஆகிவிட்டது. விருதுநகர் வந்துகொண்டிருக்கிறது, கூட்டம் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன். இப்படிச் சாய்ந்து உட்காருங்கள், திரை தெரிகிறதா? நீங்கள்தான் சாட்சி. பெயர் பரமசிவம் என்றுதானே சொன்னீர்கள், திருமங்கலம், மோட்டார் கடை. ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும், பார்க்கிறவர் பார்க்க மட்டும் வேண்டும். இடையில் பேசினால் எனக்குக் கை தடுமாறும்.

இதோ பெயர். மாரிக்கனி. முப்பத்தெட்டு. பாருங்கள், யாரும் இன்னும் தொடவில்லை. அழிக்கிறேன். பூஜ்யம். சாம்பல் பட்டன் சார் என்கிறது. பன்னிரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவனுக்கு. அந்தத் தம்ளர்ச் சத்தம்தான் எனக்கு இடிக்கிறது அண்ணாச்சி, சத்துணவு ஆயா வீட்டில் ஐந்தே முக்காலுக்கு மேல் யார் டீ குடிக்க வருகிறார்கள்? இதோ, பட்டன். கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கிறது, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு பளிச்சென்று. இதைப் போய்த் தவற விடுகிறார்களாம் வாத்தியார்கள். ஆயிற்று. டிக் விழுந்துவிட்டது. ‘நன்றி.’ பார்த்தீர்கள் அல்லவா?

என்ன, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. ஒன்றுமில்லையா. இருமலா.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அந்த மூட்டைக்காரர் இங்கே வருகிறாரா பாருங்கள், பின்னால் இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆறு. முடிந்தது. பூட்டியாயிற்று. இனிமேல் கோமதிநாயகம் தலைகீழாக நின்றாலும் ஒரு புள்ளியை மாற்ற முடியாது. நானே நினைத்தாலும் முடியாது.

எதற்கு மறுபடியும் பொட்டலத்தை நீட்டுகிறீர்கள்? நான் சாப்பிடுவதில்லை என்று சொன்னேனே. உங்களுக்கென்ன திடீரென்று இவ்வளவு சந்தோஷம். சரி, கொடுங்கள். மத்தியானம் சாப்பிடவில்லை. ம், காரம் தேவலை. இன்னும் கொஞ்சம். எண்ணெய் கையெல்லாம் ஒட்டுகிறது, துடைக்க அந்தப் பேப்பரில் ஒரு துண்டு கிழித்துக் கொடுங்கள். அந்தப் புள்ளி போட்ட ஓரம்தான், பரவாயில்லை, கிழியுங்கள்.